எண்ணிக் குதி!

கனடாவின் டொரொன்டோ நகரம், ஸ்கார்பரோ பகுதி. நவம்பர் மாதக் குளிர். இரவு ஒன்பது மணி ஆனால், அந்த வீட்டின் பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். ‘தொம்.’ சில விநாடிகள் அமைதி. மறுபடியும் ‘தொம்.’

பேஸ்மென்ட்டுக்கு நேர் மேலே உள்ள அறையில் படுத்திருப்பவர் அம்மம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து பத்து வருடங்கள் ஆகிவிட்டன. குளிர்காலத்தில் அவருக்குச் சீக்கிரம் தூக்கம் வராது. பேத்தி ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, படுத்தபடியே அந்தச் சத்தத்தை எண்ண ஆரம்பித்தார். இருபது, முப்பது, நாற்பது… ஒருநாள் 74 வரை போனது.

அந்த எண்ணிக்கைதான் பிறகு பேத்தியின் காலைக் காப்பாற்றியது.

பேத்திக்கு 12 வயது. ஃபிகர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். ஒலிம்பிக் சமயத்தில் டி.வி-யில் பார்த்திருப்பீர்கள், ஐஸ் மேல் வழுக்கியபடியே போய், சட்டென்று எழும்பி, காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் வந்து இறங்குவார்களே, அதுதான். ஆறு வகையான குதிகள் இதில் முக்கியமானவை. அவற்றில் எல்லாக் குழந்தைகளையும் அழவைப்பது ‘ஆக்ஸல்’. 1882-ல் வியன்னாவில் இதை முதன்முதலில் செய்துகாட்டிய நார்வேக்காரர் ஆக்ஸல் பால்ஸனின் பெயர்தான் அதற்கு. மற்ற ஐந்து குதிகளிலும் பின்னோக்கி வழுக்கியபடி எழும்பினால் போதும். ஆக்ஸலில் மட்டும் முகம் முன்னோக்கி இருக்கும்போதே எழும்ப வேண்டும். இறங்குவதோ, எல்லாக் குதிகளையும்போலப் பின்னோக்கித்தான். அதனால், ஒற்றை ஆக்ஸல் என்றாலே ஒன்றரைச் சுற்று. இதையே நான்கரைச் சுற்றாக முதன்முதலில் போட்டியில் செய்து முடித்தவர் அமெரிக்காவின் இலியா மாலினின். 2022 செப்டம்பரில் அதைச் செய்தபோது அவருக்கு 17 வயது.

நம் சிறுமிக்கு அந்த ஒன்றரைச் சுற்றே வரவில்லை. மார்ச் மாதம் கிளப்பில் தேர்வு. கூடப் பழகும் தோழிக்கு ஆக்ஸல் வந்துவிட்டது. இவளுக்கு ஒவ்வொரு முறையும் கால் சுற்று குறைந்து, ஐஸில் உட்கார்ந்துதான் எழுந்தாள்.

இன்னும் நிறைய நேரம் ஐஸில் பழகினால் வந்துவிடும். ஆனால், ஐஸுக்கு நேரக்கணக்கில் காசு. கோச்சுக்குத் தனி. ஸ்கேட்டைக் கூர் தீட்ட தனி. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார், அப்பா ட்ரக் ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 45 நிமிடம் என்பதே அந்த வீட்டுக்குக் கொஞ்சம் பெரிய கணக்கு. “இன்னொரு நாள் போகலாமா?” என்று ஒருமுறை கேட்டாள். “இந்த வருசம் காசு இல்லைப் பிள்ளை” என்றார் அம்மா. அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

தரைக்கு யாரும் காசு கேட்பதில்லையே! பேஸ்மென்ட்டில் சோபாவை ஓரமாகத் தள்ளினாள். யூடியூபில் பெரிய வீராங்கனைகள் தரையில் குதித்துப் பழகுவதைப் பார்த்திருந்தாள். வெறுங்காலோடு, சாப்பிட்டுப் படித்து முடித்த களைப்போடு, தினமும் இரவு குதிக்க ஆரம்பித்தாள்.

“எத்தனை முறை?”

டிசம்பர் நடுவில் நொண்ட ஆரம்பித்தாள். வலது கால் முன்னெலும்பில், கீழ்ப்பகுதியில் ஒரு விரல் அகலத்துக்கு வலி. முதலில் குதிக்கும்போது மட்டும் வலித்தது. பிறகு மாடிப்படி ஏறும்போது. பிறகு சும்மா படுத்திருக்கும்போதும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்கேட்டிங்கையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

“ஏன் பிள்ளை நொண்டுறாய்? கால் நோகுதோ?” என்று அம்மம்மாதான் முதலில் கேட்டார்.

“ஒண்டுமில்லை அம்மம்மா.”

அம்மம்மா விடவில்லை. அடுத்த நாளே மகளிடம் சொல்லி, பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரம் வாங்கவைத்தார். அம்மா இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்தப் போனார். உள்ளே அழைத்துவிட்டார்கள். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பேத்திதான் மொழிபெயர்ப்பாளர்.

பிசியோதெரபிஸ்ட் காலை அழுத்திப் பார்த்தார். வலிக்கும் இடம் வந்ததும் சிறுமி துள்ளினாள். “தரையில் குதித்துப் பழகுகிறாயா? ஒரு நாளைக்கு எத்தனை முறை?” என்று கேட்டார்.

“பதினைந்து… இருபது இருக்கும்.”

“என்ன கேக்கிறா?” என்றார் அம்மம்மா.

“எத்தினை தரம் குதிக்கிறனான் எண்டு கேக்கிறா.”

“நீ என்ன சொன்னனீ?”

சிறுமி பதில் சொல்லவில்லை.

“முந்தநாள் எழுபத்து நாலு. நேற்று எண்பத்தொண்டு. நான் மேல படுத்திருந்து எண்ணினனான். சொல்லு பிள்ளை, அவவுக்குச் சொல்லு.”

பேத்தி அம்மம்மாவைப் பார்த்தாள். “ப்ளீஸ் அம்மம்மா…” என்றாள். அம்மம்மா அசையவில்லை. கடைசியில், தன்னைக் காட்டிக்கொடுக்கும் அந்த வாக்கியத்தைத் தானே ஆங்கிலத்தில் சொன்னாள் சிறுமி. சொல்லி முடிக்கும்போது, கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றிருந்தார்.

மருத்துவரிடம் அனுப்பி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் விரிசல் இன்னும் விழவில்லை. ஆனால், அடிமேல் அடி விழுந்து எலும்பு களைத்துப்போயிருந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மயிரிழை விரிசலில் முடிந்திருக்கும். அப்படி ஆனால் மாதக்கணக்கில் ஓய்வு. இப்போது ஆறு வாரம் குதிக்கவே கூடாது என்றார்கள்.

காரில் திரும்பி வரும்போது நீண்ட நேரம் யாரும் பேசவில்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார் அம்மா.

“காசு இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

அம்மா சிக்னலில் காரை நிறுத்தினார். பச்சை விழுந்தும் சில விநாடிகள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது.

ஐஸும் தரையும்

இத்தனைக்கும் அவள் செய்தது விசித்திரமான காரியம் இல்லை. ஃபிகர் ஸ்கேட்டிங் பழகும் எல்லோருமே தரையில் குதித்துப் பழகுகிறார்கள். ‘ஆஃப் ஐஸ்’ என்று அதற்குப் பெயரே உண்டு. உலகத் தரத்தில் உள்ளவர்கள்கூட ஒரு குதியில் காற்றில் இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் கைகளை மார்போடு ஒட்டி, கால்களைப் பின்னி, சுற்றி முடித்து, மறுபடியும் விரிக்க வேண்டும். இதை உடம்புக்குப் பழக்கத் தரை நல்ல இடம்.

வித்தியாசம் இறங்குவதில் இருக்கிறது. ஐஸில் இறங்கும்போது உடம்பு நிற்பதில்லை. பின்னோக்கி வளைந்து வழுக்கிக்கொண்டு போகிறது. வேகத்தின் ஒரு பகுதி அந்த வழுக்கலில் கரைந்துவிடும். தரையில் வழுக்க முடியாது. அந்த இடத்திலேயே நின்றாக வேண்டும். உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை பாதம், கணுக்கால், முன்னெலும்பு, முழங்கால் என்று நேராக ஏறுகிறது. சுற்று கொஞ்சம் குறைந்து இறங்கினால், ஐஸில் பிளேடு மீதித் திருப்பத்தைச் சமாளித்துவிடும். தரையிலோ பாதம் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மேலே திரும்பிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும்.

பேஸ்மென்ட் தரையில் கார்ப்பெட் இருந்தது. மெத்தென்றுதான் இருக்கும். ஆனால், அதற்கு அடியில் கான்கிரீட். கார்ப்பெட் அடியைத் தாங்கவும் இல்லை. பாதத்தைத் திரும்ப விடவும் இல்லை.

ஐஸில் 45 நிமிடம் முடிந்ததும் மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். காசு கொடுத்த நேரம் என்பதால் அம்மா, கோச், அவள் என எல்லோருமே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பேஸ்மென்ட்டில் மணி அடிக்க யாரும் இல்லை. இலவசம் என்பதால் யாருமே கணக்கு வைக்கவில்லை. கணக்கு வைத்தது அவள் முன்னெலும்பும், மேல் அறையில் தூக்கம் வராத ஒரு வயதான பெண்மணியும்தான்.

கோச் போட்ட கணக்கு

அம்மா கோச்சிடம் போய் நடந்ததைச் சொன்னார். கோச் திட்டவில்லை. “தரையில் எப்படிப் பழக வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்” என்றார். அரீனாவிலேயே ரப்பர் விரித்த ஓர் அறை உண்டு. ஐஸ் நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்தால், ஸ்கேட்டிங் பழகும் குழந்தைகள் அதைக் காசு இல்லாமல் பயன்படுத்தலாம். இத்தனை நாளும் அம்மா வேலையிலிருந்து நேராக வந்து கடைசி நிமிடத்தில் இறக்கிவிட்டதால், அவர்களுக்கு அது தெரியவே இல்லை.

ஆறு வாரம் முடிந்து, மருத்துவர் சம்மதித்த பிறகு, அந்த அறையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது.

வெறுங்கால் கூடாது, சாக்ஸோடும் கூடாது. கணுக்காலைப் பிடித்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ, லேஸ் இறுக்கிக் கட்டி. தரை மரமாகவோ ரப்பராகவோ இருக்க வேண்டும். சிமென்ட், டைல்ஸ் வேண்டாம். விழுந்தால் அடிபடாது என்று தடிமனான மெத்தையைப் போட்டு அதன்மேல் சுற்றி இறங்குவதும் ஆபத்து. பாதம் புதைந்து கணுக்கால் மடங்கும். சுற்றிலும் கையை விரித்தால் எதுவும் தட்டாத இடம் வேண்டும்.

முதல் பத்து நிமிடம் குதியே கிடையாது. மெல்ல ஓட்டம், ஸ்கிப்பிங், கணுக்காலையும் இடுப்பையும் சுழற்றுவது. உடம்பு சூடான பிறகுதான் குதி. அதுவும் நேராக மேலே எழும்பி, நேராக இறங்கும் குதி. பாதத்தின் முன்பகுதி முதலில் தொட வேண்டும், பிறகு குதிகால், கூடவே முழங்கால் மடங்க வேண்டும். மடங்கும் முழங்கால் உள்பக்கம் சரியாமல் கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். ஒற்றைக் காலில் இறங்கி, மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். “சத்தம் கேட்கக் கூடாது” என்றார் கோச். “சத்தம் பெரிதாக வந்தால், அடியைத் தசை வாங்கவில்லை, எலும்பு வாங்குகிறது என்று அர்த்தம்.”

இது சரியாக வந்த பிறகு அரைச் சுற்று. அப்புறம் முழுச் சுற்று. ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்றரை. ஸ்பின்னர் என்று காலடியில் வைத்துச் சுழலும் சின்னப் பலகை ஒன்று உண்டு. அது சுழன்று பழக மட்டும்தான், அதன்மேல் குதிக்கவோ இறங்கவோ கூடாது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு இருபது சுற்றுக் குதி. இருபதுக்கு முன்பே இரண்டு முறை தொடர்ந்து தடுமாறினால், அன்றைக்கு அதோடு முடிந்தது. கால் களைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். களைத்த கால் தவறாக இறங்கும், அந்தத் தவறையே பழகிக்கொள்ளும். ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் உடனே சொல்ல வேண்டும். வளர்கிற வயதில் எலும்பு பெரியவர்களுடையதுபோல முற்றியிருக்காது. தசை வலிதானே என்று விட்டுவிடக் கூடாது.

வீட்டில்? “கையை மடக்கி, காலைப் பின்னி நிற்கும் நிலையை மட்டும் கண்ணாடி முன் பழகட்டும். பேஸ்மென்ட்டில் குதி வேண்டாம்” என்றார்.

அம்மாவின் வேலை நேரம் அரை மணி முன்னால் வர இடம் கொடுக்கவில்லை. அதனால் அம்மம்மா முன்வந்தார். இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தார்கள். கம்பளித் தொப்பி, பெரிய ஜாக்கெட், அதற்குள் சேலை. அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணுவது அவர் வேலை.

“இருபது. காணும்.”

“இன்னும் ஒண்டே ஒண்டு அம்மம்மா.”

“இருபது எண்டால் இருபது. ஷூவைக் கழட்டு.”

மார்ச் தேர்வுக்கு அவளால் தயாராக முடியவில்லை. தோழி தேறினாள். அன்று இரவு அவள் அழுதது மேல் அறைக்கும் கேட்டது. பேஸ்மென்ட்டிலிருந்து வேறு எந்தச் சத்தமும் வருகிறதா என்று அம்மம்மா வெகுநேரம் காது கொடுத்துக் கிடந்தார். வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரம். சீசன் முடிய இன்னும் சில நாள்தான். அன்று அம்மாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஐஸில் அவள் வேகமெடுத்து வந்து, முன்னோக்கித் திரும்பி, இடது காலில் எழும்பினாள். பெரிய உயரம் ஒன்றும் இல்லை. சுற்றி, வலது காலில் இறங்கி, கொஞ்சம் தள்ளாடி, பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போனாள். விழவில்லை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிறுமி கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பி அம்மம்மாவைத் தேடினாள்.

அம்மம்மா கையுறைக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டிக் காட்டினார். “ஒண்டு” என்றார்.