ஒரே வயிறு, இரண்டு குருதி

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் முட்டை அடுக்கும் தட்டில் பல ஆண்டுகளாக முட்டை இருந்ததில்லை. அது இன்சுலின் குப்பிகளின் இடம். நாங்கள் அக்காவும் தங்கையும். மூத்தவளுக்குப் பதினொன்றாம் வயதிலும் இளையவளுக்கு ஒன்பதாம் வயதிலும் முதல் வகை நீரிழிவு வந்து சேர்ந்தது.

எங்களில் மூத்தவள் கணக்கு வைப்பவள். ஊசி, உணவு, சர்க்கரை அளவு மூன்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதாமல் உறங்கமாட்டாள். இளையவளோ கல்யாண வீட்டில் இலையில் விழுந்த ஜாங்கிரியை மறுத்தறியாதவள். விடுதியில் இருந்த காலத்தில் ஊசியையே மறந்த நாட்களும் உண்டு.

சென்ற ஆண்டுப் பரிசோதனையில் அல்புமின் கசிந்தது மூத்தவளின் சிறுநீரில். இளையவளுக்கு ஒன்றுமில்லை. "ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லையாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். அன்று பேருந்தில் வீடு வரும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நல்ல செய்தி பெற்றவளுக்கும் தலை குனிந்தே இருந்தது.

பிறகுதான் படிக்கத் தொடங்கினோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1441 பேரிடம் நடந்த பெரும் ஆய்வு, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினால் விழித்திரை நோய் தொடங்கும் அபாயம் 76 சதவீதம் குறைவதைக் காட்டியது. சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் அதனால் நன்மை உண்டு. நோட்டு வீணல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அது முழுக்கதையுமல்ல. பாஸ்டனின் ஜோஸ்லின் மையம் இன்சுலினோடு ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு 1970 முதல் பதக்கம் அளித்து வருகிறது. அத்தகைய 351 பேரைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வில், 86.9 சதவீதத்தினருக்குச் சிறுநீரக நோய் இல்லை. அவர்களுக்குள் நுண்குருதிநாளங்கள் கெட்டவரையும் கெடாதவரையும் சர்க்கரை அளவைக் கொண்டு பிரித்தறிய முடியவில்லை. வேறேதோ அவர்களைக் காத்திருக்கிறது.

அந்த 'வேறேதோ' குடும்பத்தில் ஓடுவது என்பதற்கு 1989-இல் மின்னசோட்டாவிலிருந்து வெளியான ஆய்வு தடயம் தந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நீரிழிவு நோயாளிகளின், அதே நோயுள்ள உடன்பிறந்தார் 29 பேரில் 24 பேருக்கும் பாதிப்பின் அறிகுறி இருந்தது. பாதிக்கப்படாதவர்களின் உடன்பிறந்தார் 12 பேரில் இருவருக்கு மட்டுமே. இதைப் படித்த இரவு இளையவள் உறங்கவில்லை. அதுவரை மூத்தவளுக்காக மட்டுமே அஞ்சியவள் அவள்.

2019-இல், ஐரோப்பிய வம்சாவளியினரான 19,000-க்கும் மேற்பட்ட முதல் வகை நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வில் ஒரு பெயர் துலங்கியது: சிஓஎல்4ஏ3. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வை நெய்யும் கொலாஜன் புரதத்துக்கான மரபணு அது. அதில் ஓரெழுத்து மாறியவர்களுக்குச் சிறுநீரக நோயின் அபாயம் குறைவாக இருந்தது. அது ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. அந்தப் பட்டியலில் எங்களைப் போன்றவர்களின் குருதியும் இல்லை.

எங்கள் பாட்டி தலையெழுத்து என்பாள். அவள் சொன்ன எழுத்துக்கும் இந்த எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. உடன்பிறந்தார் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகளையே பகிர்கிறார்கள். மீதியில் ஒருத்திக்குக் கவசம் கிடைத்து மற்றவளுக்குக் கிடைக்காமல் போகலாம். அதை நாங்கள் மாற்ற இயலாது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மாற்ற இயலும். நோய் முற்றியதற்கெல்லாம் நோயாளியின் ஒழுக்கத்தை மட்டும் விசாரிப்பது எத்தனை பெரிய அநீதி என்பது இப்போது புரிகிறது. அந்தக் கேள்வியை மருத்துவர் கேட்பதற்கு முன்பே எங்களுக்குள் நாங்களே கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதும்.

மூத்தவள் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறாள். இளையவள் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள். முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தவள் மூத்தவள்.