போகியும் அப்பாயியின் தகரப்பெட்டியும்

அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில், லயக் காம்பராவிலே வளர்ந்தவன் நான். பொங்கலுக்கு முந்திய நாளிற் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, பழம்பாயையும் கந்தலையும் எரிப்போம். நம் கல்லூரியிற் சேர்ந்தபின் வந்த முதற் பொங்கலன்று அப்பாயியிடம், "பழையவற்றைப் போக்குவதாற் 'போக்கி', அதுவே 'போகி' ஆயிற்று" எனப் பெருமையோடு விளக்கினேன். அத்தோடு நில்லாமல், அவருடைய தகரப்பெட்டியிலிருந்த பழந்தாள்களையும் தீயருகே கொண்டு சென்றேன். அவர் ஓடிவந்து பறித்துக்கொண்டார்.

"பழசெல்லாம் குப்பை இல்லய்யா!"

அவற்றுள் என் தந்தையாரின் பிறப்புத்துண்டும் இருந்தது.

கல்லூரிக்குத் திரும்பியதும் தமிழாசிரியரிடம் சொல்லின் பிறப்பைக் கேட்டேன். அவர் நகைத்தார். 'போகம்' என்னும் வடசொல்லடியாகப் பிறந்தது 'போகி'. இன்பந் துய்ப்போன் எனப் பொருள்படும் அது இந்திரன் பெயர். அந்நாள் அவனுக்குரிய விழா என்றார். போகிதோறும் பலரும் எடுத்துரைக்கும் நன்னூற் சூத்திரமுங்கூடச் சொல்வழக்கைப் பற்றியதேயன்றி வீட்டுக் குப்பையைப் பற்றியதன்று எனவும் தெளிவித்தார்.

பண்டிகைக்கு முன்னாளைப் பின்லாந்தினர் 'ஆத்தோ' என்பர். அதுவும் மாலையைக் குறித்த பழஞ் சுவீடியச் சொல்லே எனப் பின்னாளிற் படித்தேன். சொற்களும் நம் மூதாதையரைப்போற் கடல் கடந்து குடியேறுவன போலும்!

ஆயின், குடியேறிய சொல்லிடம் எவரும் பிறப்புத்துண்டு கேட்பதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, என் போன்றோரிடம் தந்தை இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. எழுத்தறியாத அப்பாயி காத்த தாளே எனக்குச் சான்றாயிற்று. அஃதின்றேல் நானும் நாடற்றவனாய் நின்றிருப்பேன்.

போக்கத்தக்கது எது, போற்றத்தக்கது எது என்பதை, சொல்லாராய்ச்சி செய்த நானன்று, அவரே அறிந்திருந்தார்.