ஈஸ்ட்ஹாமின் தெற்குப் பக்கம்

கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாம் என்றால் நம்மவர்களுக்கு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தான். நகைக்கடை, புடவைக்கடை, மகாலட்சுமி கோயில், இன்னும் கொஞ்சம் நடந்தால் மேனர் பார்க் முருகன் கோயில். எண்பதுகளின் கடைசியில் நானும் அந்தத் தெருவில் ஊர்க்காரர் இருக்கிறார்கள் என்ற துணிவில்தான் வந்து சேர்ந்தேன். ஆனால் இன்று அந்த ஊரை நினைத்தால் மனம் போவது தெற்கே, பார்க்கிங் ரோட்டைக் கடந்து தேம்ஸ் வரை சரிந்து கிடக்கும் தாழ்நிலத்துக்கு.

வடக்கே வான்ஸ்டெட் வெளி, கிழக்கே ரோடிங் ஆறு, தெற்கே தேம்ஸ். மேட்டில் குடியிருப்பு, ஆற்றோரம் சதுப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில், 12ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி மக்தலேனா தேவாலயம் இன்னமும் வழிபாட்டில் இருக்கிறது. அதன் பெரிய கல்லறைத் தோட்டம் பற்றைக்காடாக வளர்ந்து நிற்கும். வேலையில்லாத பின்னேரங்களில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன்.

யாருக்கும் வேண்டாத அந்தச் சதுப்புதான் ஊரை வளர்த்தது. லண்டன் தன் எல்லைக்குள் வைத்திருக்க விரும்பாத புகையும் நாற்றமும் இங்கே வந்து குடியேறின. 1852இல் சில்வர் என்பவரின் றப்பர் ஆலை வந்தது. சில்வர்டவுன் என்ற பெயர் அவரால் வந்ததுதான். 1855இல் விக்டோரியா கப்பல்துறை, 1880இல் ஆல்பர்ட் துறை, 1921இல் ஐந்தாம் ஜோர்ஜ் துறை. 1878இல் ஹென்றி டேட் சீனி ஆலை தொடங்கினார். அந்த ஆலை வீதியால் போகும்போது வரும் வாசம், ஊரில் பனங்கட்டி காய்ச்சும் கொட்டிலின் வாசம் போலவே இருக்கும். முதல் தடவை எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரியது பெக்டன் எரிவாயு ஆலை. 1870இல் தொடங்கியது. இங்கிலாந்தின் வடக்கிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியைச் சூளையில் வாட்டி எரிவாயு எடுத்தார்கள். லண்டனின் விளக்கும் அடுப்பும் அதனால் எரிந்தன. சூளைக்கு முன்னால் பன்னிரண்டு மணிநேர வேலை. அங்கே வேலை செய்த வில் தோர்ன், எழுத்துக் கூட்டவே சிரமப்பட்ட மனிதர், 1889இல் எரிவாயுத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி எட்டு மணிநேர வேலைநாளை வென்று கொடுத்தார். அவருடைய எழுத்து வாசிப்பைத் திருத்தியவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். பெட்ரோல் செட்டில் இரவு முழுக்க நின்று காலையில் வீடு திரும்பிய எங்களுக்கு, அந்தக் கதை பக்கத்தில்தான் நடந்தது என்று சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை.

ஆனால் துறைமுகத்தைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆல்பர்ட் துறையில் மூட்டை சுமந்தவர். விடியற்காலையில் துறை வாசலில் கூட்டமாக நிற்பார்களாம். மேற்பார்வையாளர் கைகாட்டும் ஆளுக்கு அன்று வேலை, மற்றவர் வெறுங்கையோடு வீடு. கொள்கலன் கப்பல்கள் வந்தன, சரக்கு டில்பரித் துறைமுகத்துக்குப் போனது, 1981இல் துறைகள் மூடப்பட்டன. "பிள்ளைகள் எல்லாம் எசெக்ஸ் பக்கம் போய்விட்டார்கள்" என்பார்.

நாங்கள் வந்து நுழைந்தது அவர்கள் விட்டுப்போன வீடுகளில்தான். 1891இல் ஏறத்தாழ 33,000 பேர் இருந்த ஈஸ்ட்ஹாம், இருபது ஆண்டுகளில் 1,33,000 பேராகப் பெருகியது. துறைமுகத்துக்கும் ஆலைக்கும் லண்டன் அலுவலகங்களுக்கும் போய்வந்தவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் அவை. ஒரு அறையில் நாலு பேராக நாங்கள் படுத்தெழும்பிய வீடும் அப்படியொன்று. தொழில் செத்த ஊர் என்பதால்தான் எங்களுக்குக் கட்டுப்படியான வாடகையில் இடம் கிடைத்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

துறைகளுக்கு நடுவே 1987 முதல் விமானம் இறங்குகிறது. எரிவாயு ஆலை நின்ற பக்கம் கடைத்தொகுதிகள். சீனி ஆலை மட்டும் இன்னும் ஓடுகிறது.

முருகன் கோயிலுக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒருநாள் அப்படியே தெற்கே ஆற்றங்கரை வரை போய்வாருங்கள். வூல்விச் படகில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிப்போங்கள். தோர்ன் சங்கம் கட்டிய அதே 1889ஆம் ஆண்டிலிருந்து அந்தப் படகுக்குக் கட்டணம் கிடையாது.