தண்டாலா, டம்பெல்ஸா?

அப்பாவுக்கு 45 வயசுலயே சர்க்கரை. எனக்கு இப்ப 28, நாள் முழுக்க உக்காந்து கீபோர்டு தட்டற பொழப்பு. அதனால உடற்பயிற்சின்னா எனக்கு சிக்ஸ்பேக் சமாச்சாரம் இல்லீங்க. சாப்பிட்டதும் ரத்தத்துல ஏர்ற சர்க்கரையில பெரும்பங்கை இழுத்துக்கறது தசைதான்.

காரைக்கால் கடற்கரைக்குப் போனா காசில்லாம தண்டால், பஸ்கி எடுக்கலாம். ஒரு தண்டால்ல உடம்பு எடையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு கைமேல இறங்குது. ஆனா முப்பது தண்டால் சுலபமாயிட்டா? ஜிம்முல இன்னொரு தட்டு மாட்டினா போச்சு. முதுகுக்கான இழுக்கற பயிற்சியும் மணல்ல கஷ்டம்.

தசைக்கு இரும்பு, மணல் பேதமெல்லாம் தெரியாது. பாரம் போகப்போகக் கூடணும், அவ்ளோதான். எல்லா முக்கியத் தசைக்கும் வாரம் ரெண்டு நாளாவது வேலை குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. ஆக, நம்ம தீர்ப்பு: ரெண்டு நாள் இரும்பு, மத்த நாள் மணல். நீங்க எந்தக் கட்சி? :)