கார் ஷெட் விமானத்துக்கு ஒரு டைனமோ

அமெரிக்காவில் கார் நிறுத்துகிற ஷெட்டிலேயே விமானம் கட்டி, அதில் ஏறிப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதையல்ல! பொழுதுபோக்குக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ விமானத்தின் பெரும்பகுதியைச் சொந்தக் கையால் கட்டியிருந்தால், அந்நாட்டு எஃப்.ஏ.ஏ. அதற்கென்று தனி வகையில் சான்றிதழ் தருகிறது. ஆரிகன் மாநிலத்து வான்ஸ் கம்பெனியின் ஆர்.வி. ரக விமானங்கள் மட்டுமே 10,000க்கு மேல் இப்படிப் பறந்திருக்கின்றன.

வருடக்கணக்கில் ரிவெட் அடித்து, இறக்கை மாட்டி, எஞ்சினை ஏற்றிய பிறகு, கட்டுகிறவர் ஒரு சின்னக் கேள்வியில் வந்து நிற்பார். எந்த ஆல்டர்னேட்டர் வாங்குவது? (தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் அதே சாமான்தான்.)

முதலில் கண்ணில் படுவது விலை. கார் உதிரிபாகக் கடையில் நிப்பான்டென்சோ ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைக்கும். எத்தனையோ கார்களில் ஓடி நிரூபித்த சரக்கு. விமானத்துக்கென்று விற்பது அதைப்போலப் பல மடங்கு. பிரித்துப் பார்த்தால் இரண்டும் பல சமயம் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி! பிறகு எதற்குக் கூடுதல் பணம்?

விஷயம் ரெகுலேட்டரில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் எவ்வளவு வோல்ட் தர வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற பாகம் அது. கார் ரகங்களில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆல்டர்னேட்டர் சத்தமில்லாமல் செத்துப்போனால் கூட சமாளிக்கலாம். ஆனால் ரெகுலேட்டர் கெட்டு கட்டுப்பாடு போய்விட்டால், 14 வோல்ட் சுற்றில் வோல்ட்டேஜ் தாறுமாறாக ஏறும். பேட்டரி கொதிக்கும், ரேடியோவும் திரைகளும் வரிசையாகப் போகும். உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள சில ரகங்களை, ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், பைலட் சுவிட்சை அணைத்தாலும் நிறுத்த முடியாது. அதாவது, கெட்டுப்போவதை விட, கெட்ட பிறகும் நிற்க மறுப்பதுதான் ஆபத்து.

ரெகுலேட்டரை வெளியே வைத்தால் அதற்குப் போகும் ஒயரைத் துண்டித்து ஆல்டர்னேட்டரை அடக்கிவிடலாம். வோல்ட்டேஜ் 16ஐத் தாண்டினால் தானே துண்டிக்கிற பாதுகாப்புச் சுற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கன்சாஸ் மாநிலத்து பி அண்ட் சி போன்ற நிறுவனங்கள் விற்பது இந்த ஏற்பாட்டைத்தான். கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

பாப் நக்கல்ஸ் என்பவர் எழுதிய ஏரோஎலக்ட்ரிக் கனெக்‌ஷன் என்ற புத்தகம் இவர்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. கெடவே கெடாத பாகத்தைத் தேடாதே, எது கெட்டாலும் நிம்மதியாகத் தரையிறங்கும்படி ஏற்பாடு செய் என்பதுதான் அவர் கட்சி. காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஆல்டர்னேட்டர் மாதச் சம்பளம், பேட்டரி சேமிப்பு. சம்பளம் நின்ற அன்று சேமிப்பு எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

போட்டுப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆர்.வி.களில் பரவலாக வைக்கிற சின்ன பேட்டரி 16 ஆம்பியர்-மணி. எல்லாவற்றையும் ஓடவிட்டு 20 ஆம்பியர் இழுத்தால் ஏட்டுக் கணக்கில் 48 நிமிடம். நடைமுறையில் அதுவும் வராது, பழைய பேட்டரியானால் இன்னும் மோசம். டேங்கில் நாலு மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருந்து என்ன பயன்?

பழைய லைகமிங் எஞ்சினில் இரண்டு மேக்னெட்டோ உண்டு. பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும். கரண்ட் போனால் ரேடியோவும் விளக்கும்தான் போகும், எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடும். இப்போது எலக்ட்ரானிக் இக்னிஷன், எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அவற்றில் பலவற்றுக்குக் கரண்ட் நின்றால் எஞ்சினும் நின்றது. அப்படிப்பட்டவர் ஒரே ஆல்டர்னேட்டரோடு, அது எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும், மேகத்துக்குள் போவது சரியாகப் படவில்லை.

அதற்கும் வழி இருக்கிறது. அந்தக் கால வேக்குவம் பம்ப் மாட்டுகிற இடம் எஞ்சினின் பின்னால் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே 8 ஆம்பியர் தருகிற குட்டி ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டலாம். பெல்ட்டே கிடையாது. பெரியது செத்தால் அவசியமானவற்றை மட்டும் குட்டியில் ஓட்டி, பேட்டரியைத் தரையிறங்கும் நேரத்துக்கு மிச்சம் பிடிக்கலாம்.

இத்தனையும் யோசித்தவர்கள் கோட்டை விடுவது கப்பியில். லைகமிங்கின் முன்பக்கக் கப்பி பெரியது. கார் ஆல்டர்னேட்டரின் சின்னக் கப்பியோடு சேர்ந்தால், எஞ்சின் 2,500 சுற்று சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 8,000, 9,000 என்று பறக்கும். அதுவும் மணிக்கணக்கில். பேரிங் பாவம்! கொஞ்சம் பெரிய கப்பி போட்டு, குளிர்ந்த காற்று வர ஒரு குழாயும் வைத்தால் ஆயுள் கூடும். தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கடைசியில் பெல்ட். அது அறுந்தால் புதிது மாட்ட ப்ரொப்பெல்லரையே கழற்ற வேண்டும். எங்கோ ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கிவிட்டு அதைச் செய்ய யாரால் முடியும்? அதனால் சிலர் ப்ரொப்பெல்லர் மாட்டும்போதே இன்னொரு பெல்ட்டையும் உள்ளே போட்டு, ஓரமாக இழுத்துக் கட்டி வைத்துவிடுகிறார்கள். சும்மா கிடக்கிற பெல்ட்டும் எஞ்சின் சூட்டில் கெட்டுப்போகும் என்று அதற்கும் ஆட்சேபம் சொல்கிறவர்கள் உண்டு.