உறுதி இல்லாத வீடு

“வீட்டைக் கட்டிப் பார்; கலியாணம் செய்து பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. புதிதாகக் கட்டுவதற்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், எவரோ நூறாண்டுக்கு முன் கட்டி, பலர் கைமாறி வந்த வீடொன்றைக் கடன்பட்டு வாங்கப் புகுவோருக்கு அவர்கள் என்ன கூறியிருப்பார்களோ! 2022 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள ஹலிபாக்ஸ் நகரில் எம் மருமகனோடு ஆறு வாரம் தங்கியிருந்தபோது, இந்தக் கேள்வி பலமுறை எம் மனத்தில் எழுந்தது.

மருமகன் அங்கே ஒரு மருத்துவமனையில் கடமையாற்றுகின்றான். அவனும் மனைவியும் வாடகை வீட்டிலிருந்தபடியே சிறுகச் சிறுகப் பதினையாயிரம் பவுண் மிச்சம் பிடித்திருந்தனர். “நல்ல வேளையில் வந்தீர்கள், மாமா. மூன்று வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். நீங்களும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்றான். யாழ்ப்பாணத்திலிருந்து அவனுடைய தாயார், அதாவது எம் தமக்கையார், தொலைபேசியிலே ஒரேயொரு புத்திமதி சொன்னார்: “விலை கூடினாலும் பரவாயில்லைத் தம்பி, உறுதியை வடிவாகப் பார்த்து வாங்கச் சொல்லு.”

ஹலிபாக்ஸ் மலைச் சரிவுகளிலே படிப்படியாக அமைந்த ஊர். வீடுகளெல்லாம் மணற்கல்லினாலானவை, ஆலைப் புகை ஒன்றரை நூற்றாண்டாகப் படிந்து பல கறுத்துப் போயிருக்கின்றன. கைத்தறி நெசவாளர் தாம் நெய்த கம்பளித் துணியைக் கொணர்ந்து விற்பதற்காக 1779 இல் திறக்கப்பட்ட பீஸ் ஹோல் என்னும் பெருஞ் சந்தைக் கட்டிடம், 315 அறைகளோடு இன்றும் நகர் நடுவே நிற்கின்றது. உலகின் மிகப் பெரிய கம்பள ஆலைகளுள் ஒன்றாயிருந்த குரொஸ்லி குடும்பத்தாரின் டீன் கிளஃப் ஆலையும் அங்கேதான் இருந்தது. 1980 களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. பின்னர் அக்கட்டிடங்களிலே கந்தோர்களும் கலைக்கூடங்களும் இடம்பெற்றன என்பது மெய். ஆயினும், ஆலைச் சங்கு ஓய்ந்த ஊரிலே வீட்டு விலை தலைநகரோடு போட்டியிட இயலுமா? நாம் சென்ற ஆண்டில் இங்கிலாந்தின் சராசரி வீட்டு விலை மூன்று இலட்சம் பவுண் அளவில் இருந்தது. இலண்டனில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஹலிபாக்ஸ் அடங்கிய கால்டர்டேல் பகுதியிலோ இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. லீட்ஸ், மான்செஸ்டர் ஆகிய இரு பெரு நகரங்களுக்கும் இடையே புகையிரதப் பாதையில் அமைந்திருப்பதனால், அங்கு உத்தியோகம் பார்ப்போர் இவ்வூர்ப் பக்கம் கண் வைப்பதும் உண்டு.

முதல் வீடு மைதம்ரொயிட் என்னும் சிற்றூரிலே, கால்டர் ஆற்றின் அருகே இருந்தது. அழகான வீடு; விலையோ அதிசயிக்கத்தக்க மலிவு. காரணம் கேட்குமுன்னரே அயற்சுவரில் இருந்த வெள்ள அடையாளம் விடை சொல்லிற்று. 2015 டிசம்பர் 26 ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், கால்டர் பள்ளத்தாக்கிலே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2020 பெப்ரவரியில் ஆறு மீண்டும் கரை மீறிற்று. இத்தகைய வீடுகளுக்குக் காப்புறுதி கிடைப்பதே அரிதாகிவிட்டமையால், 2016 இல் ‘பிளட் றீ’ என்னும் தேசிய ஏற்பாடொன்றைத் தொடங்கினர். அது 2039 இல் முடிவடைய வேண்டுமென்பது விதி. மருமகன் வாங்கவிருந்த கடனோ இருபத்தைந்து ஆண்டுத் தவணை. 2047 வரை செல்லும். கடனுக்கு முன் காப்பு முடிந்துவிடும் வீட்டை எவ்வாறு வாங்குவது? வணங்கி விடைபெற்றோம்.

இரண்டாவது வீடு ஹெப்டன் பிரிட்ஜில். ஒரு காலத்தில் தடித்த பருத்தித் துணி நெய்த ஊர் அது. தொழில் நலிந்து வீடுகள் பாழடைந்து கிடந்தபோது, 1970 களிலே ஓவியரும் எழுத்தாளரும் வந்து குடியேறினர்; அவர்களைத் தொடர்ந்து வசதி படைத்தோரும் வந்தனர். இன்று அண்டை ஊர்களை விட அங்கு விலை அதிகம். செங்குத்தான சரிவிலே இடம் போதாமையால், வீட்டின் மேல் வீடாக நான்கு மாடி உயரத்துக்குக் கட்டியிருக்கின்றனர். மேல் வீட்டுக்கு மேல் தெருவிலும், கீழ் வீட்டுக்குக் கீழ்த் தெருவிலும் வாசல். கூரை மேல் வீட்டுக்காரனுடையது. அத்திவாரம் கீழ் வீட்டுக்காரனுடையது. நிலத்தில் தொடாமல் மற்றொருவர் வீட்டின்மேல் நிற்கும் இவ்வுடைமையை ஆங்கிலச் சட்டத்தார் ‘பறக்கும் உரிமை’ என்று பெயரிட்டழைக்கின்றனர். கடன் கொடுப்போர் பலர் அதைக் கண்டால் தயங்குவர். “கூரைக்கு ஒருவர், அத்திவாரத்துக்கு ஒருவர், இடையில் நாங்கள் எதற்கு?” என்று மருமகள் சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டாள்.

மூன்றாவது, ஹலிபாக்ஸ் நகரிலேயே மேட்டுத் தெருவொன்றில் இருந்த வரிசை வீடு. இரு படுக்கையறைகள், பின்புறத்தில் நான்கு ரோசாச் செடி வைக்கக்கூடிய முற்றம், விலை 1,35,000 பவுண். கையிருப்புப் போக 1,20,000 கடன் பட்டால் போதும். உடையவர் நடுத்தர வயதினர். காலஞ்சென்ற தம் தாயாரின் வீட்டை விற்கின்றார். அடுத்த வீட்டிலே அவருடைய பெரியதாயார் எண்பது வயதைக் கடந்தவராக வாழ்கின்றார். விலையும் பேசி, கைகொடுத்தும் ஆயிற்று. கடன் தருவதாக ஒரு நிறுவனமும் கொள்கையளவில் சம்மதம் தெரிவித்திருந்தது.

இவ்விடத்தில் ஊரின் பழங்கதை சிறிது சொல்லவேண்டும். பல ஆண்டுகளாகப் பிரித்தானியப் பத்திரிகைகள் மாதந்தோறும் நாட்டின் வீட்டு விலை ஏறிற்று, இறங்கிற்று என்று எழுதும்போது ‘ஹலிபாக்ஸ் சுட்டெண்’ என்பதை மேற்கோள் காட்டி வந்திருக்கின்றன. 1983 இல் தொடங்கிய அச்சுட்டெண் இவ்வூரிலே பிறந்த வீட்டுக்கடன் சங்கத்தின் பெயரைத் தாங்கியது.

வீட்டுக்கடன் சங்கம் என்பது நம்மவர் சீட்டுப் பிடிப்பது போன்ற ஏற்பாடே. 1775 இல் பர்மிங்ஹாம் நகரச் சத்திரமொன்றிலே முதற் சங்கம் தோன்றியது என்பர். இருபது பேர் மாதந்தோறும் பணம் போடுவர்; சேர்ந்த பணத்தில் முறைப்படி ஒவ்வொருவருக்கும் வீடு அமையும்; கடைசி ஆளுக்கும் வீடு கிடைத்ததும் சங்கம் கலையும். பின் வந்தோர் கலையாத சங்கங்களை அமைத்தனர். சேமிப்பவர் சேமிக்கலாம், வீடு வேண்டியவர் கடன் பெறலாம். ஹலிபாக்ஸில் ஓல்ட் கொக் என்னும் சத்திரத்தின் மேலறையில் கூடிய சிலர், 1853 இல் அத்தகைய நிலையான சங்கமொன்றைத் தொடக்கினர். 1913 அளவில் அதுவே நாட்டின் மிகப் பெரிய சங்கமாயிற்று.

அச்சங்கத்தின் கடனுதவியோடு கம்பளி ஆலை முதலாளியான எட்வர்ட் அக்ரொயிட், 1860 களிலே தொழிலாளர் சொந்தமாக வாங்குவதற்கென அக்ரொயிடன் என்னும் குடியிருப்பை எழுப்பினார். வசதி குறைந்தோருக்குத் தாமே பிணை நின்றார். புகழ்பெற்ற சிற்பாசாரியான ஜோர்ஜ் கில்பர்ட் ஸ்கொட் கீறிய படத்திலே கூரையிலிருந்து துருத்தி நிற்கும் சாளரங்கள் இருந்தன. தொழிலாளரோ, “இவை ஏழைகளுக்குத் தருமமாகக் கட்டிக் கொடுக்கும் மடங்களின் சாளரங்கள் போலிருக்கின்றன, எமக்கு வேண்டா” என்னும் கருத்தில் உறுதியாக மறுத்துவிட்டனராம். கடன்பட்டு வாங்கும் வீடாயினும் அது பிச்சையன்று என்ற அந்த மானத்தை எண்ணி, ஒரு மாலை அத்தெருக்களிலே நாம் நெடுநேரம் உலாவினோம்.

செப்டெம்பர் 23 ஆம் நாள் வந்தது. பிரித்தானிய நிதி அமைச்சர், ஈடுசெய்ய வழி கூறாமல் பெரும் வரிக் குறைப்புகளை அறிவித்தார். அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலை சரிந்தது, வட்டி பாய்ந்தேறியது. சில நாட்களுள் கடன் நிறுவனங்கள் தம் பழைய கடன் திட்டங்களை நூற்றுக்கணக்கில் மீளப் பெற்றன. மருமகனுக்குச் சம்மதம் கூறிய நிறுவனமும் ஒரு மின்னஞ்சலோடு கையை விரித்தது.

அன்றிரவு மூவரும் சமையலறை மேசையிலிருந்து கணக்குப் பார்த்தோம். 1,20,000 பவுண் கடனை 25 ஆண்டிலே தீர்ப்பதற்கு, நூற்றுக்கு 2 வீத வட்டியாயின் மாதம் ஏறக்குறைய 509 பவுண் கட்டவேண்டும். 6 வீதமாயின் 773 பவுண்! வீட்டில் ஒரு கல்லும் கூடவில்லை, ஒரு சாளரமும் புதிதாக வரவில்லை, விலையும் அதுவே. ஆயினும், மாதம் 264 பவுண் எங்கிருந்தோ வந்து தலையில் விழுந்துவிட்டது. வீட்டின் விலையென்று பலகையில் எழுதியிருப்பது பாதி விலையே; மற்றப் பாதியை வட்டியென்னும் கண்காணாத தரகன் எழுதுகின்றான். மாணவர்கள் பள்ளியிலே கூட்டு வட்டிக் கணக்குச் செய்யும்போது அதனை வெறும் பயிற்சியென எண்ணாதிருப்பார்களாக.

அதனிலும் பெரிய அச்சம் ஒன்றிருந்தது. இங்கிலாந்துச் சட்டப்படி இரு பகுதியாரும் ஒப்பந்தப் பத்திரங்களைக் கைமாற்றும் வரை, பேசிய பேச்சு எவரையும் கட்டாது. விற்பவர் மறுநாளே அதிக பணம் தருபவனிடம் போகலாம். அவ்வாறே, வாடகைக்கு விடுவதற்கென வீடு வாங்கும் ஒருவர் முழுப் பணமும் ரொக்கமாகத் தருவதாக வந்து நின்றார்.

மருமகள் கண்கலங்கியிருந்த அந்நாட்களில், பக்கத்து வீட்டு மூதாட்டியார் எம்மைத் தேநீருக்கு அழைத்தார். அலுமாரியிலிருந்து நாடா கட்டிய பழைய காகிதக் கட்டொன்றை எடுத்துக் காட்டினார். அது அவர் வீட்டின் உறுதி. 1970 களில் அவரும் கணவரும் ஊர்ச் சங்கத்திலே கடன் பெற்றபோது அது ஈடாகச் சென்று, சங்கத் தலைமைக் கட்டிடத்தின் நிலவறையிலே உறங்கிற்றாம். இருபது ஆண்டுக்குப் பின் கடன் தீர்ந்தபோது திரும்பி வந்ததாம். “என் தந்தை வெள்ளிக்கிழமை தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கட்டுவார். ‘நம் பணத்தில் இன்று எவரோ வீடு வாங்குகிறார்’ என்பார்” என்று அம்மையார் கூறினார்.

1997 இல் அச்சங்கம் வங்கியாக மாறிற்று. அங்கத்தவர் ஏழு மில்லியனுக்கு மேற்பட்டோர் இலவசப் பங்குகள் பெற்றனர். “நானும் ஆம் என்றே வாக்களித்தேன். எங்களுடையதையே எங்களுக்குப் பரிசாகத் தந்தார்கள் என்பது அன்று விளங்கவில்லை” என்றார் அம்மையார். 2001 இல் அவ்வங்கி மற்றொரு வங்கியோடு இணைந்தது. 2008 ஆம் ஆண்டுப் பண நெருக்கடியிலே தள்ளாடி விழுந்து, 2009 சனவரியில் லொயிட்ஸ் வங்கியின் கைக்குச் சென்றது. 2007 இல் பத்துப் பவுணுக்கு மேல் விலைபோன பங்கு அப்போது ஒரு பவுணுக்கும் குறைவு. அம்மையார் தம் பங்குகளை விற்காமல் வைத்திருந்தவர்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “என் தங்கை மகனிடம் பேசிவிட்டேன். அவன் உங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவன். வசந்த காலம் வரை பொறுத்திருப்பான்.”

அவர் பொறுத்திருந்தார். சட்டம் வற்புறுத்தவில்லை, ரொக்கப் பணம் வாசலில் காத்து நின்றது, ஆயினும் பொறுத்திருந்தார். 2023 பெப்ரவரியில் வட்டி ஐந்து வீதத்துக்குச் சற்றுக் கீழிறங்கியபோது, மாதம் எழுநூறு பவுணுக்குச் சிறிது குறைவாகக் கட்டும்படி வேறொரு நிறுவனத்தில் கடன் கிடைத்தது. மார்ச் மாதம் திறப்புக் கைக்கு வந்தது.

அப்போது நாம் யாழ்ப்பாணம் திரும்பித் தமக்கையார் வீட்டிலிருந்தோம். மருமகன் தொலைபேசித் திரையிலே வீட்டைச் சுற்றிக் காட்டினான். தமக்கையார் சுவரையும் கூரையையும் பார்க்கவில்லை. “உறுதி கையில் வந்ததோ?” என்றார்.

“இங்கே இப்போது உறுதி தருவதில்லை, அம்மா. நிலப்பதிவுக் கந்தோரின் கணினியிலே எங்கள் பெயர் இருக்கிறது.”

“உறுதி இல்லாத வீடும் ஒரு வீடோ?”

பொறுத்திருந்த மனிதரின் கதையை நாம் தமக்கையாருக்கு அப்போதுதான் முழுவதும் சொன்னோம். சற்று நேரம் மௌனமாயிருந்தார். “அந்த அம்மாவுக்கு நான் சுகம் கேட்டதாகச் சொல்லு” என்றார் மகனிடம். ஆனாலும் விட்டாரில்லை. மூன்று பவுண் கட்டணத்துக்குக் கிடைத்த பதிவுப் பிரதியொன்றை மருமகன் தபாலில் அனுப்பிவைத்த பின்னரே அவருக்கு நித்திரை வந்தது. இரண்டொரு தாள்களேயான அக்காகிதம், பாட்டனார் காலத்துக் காணி உறுதிகளோடு, இன்றும் அவருடைய பெட்டகத்திலே கிடக்கின்றது.