டான்சில் வீங்கின பிள்ளைக்கு ஆன்டிஆக்சிடன்ட் சிரப் வேணுமா?

1/ "டாக்டர், பிள்ளைக்கு டான்சில். ஆன்டிஆக்சிடன்ட் சிரப் குடுத்தா கரைஞ்சிடுமாமே, எழுதிக் குடுங்க." கள்ளக்குறிச்சி ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிற கேள்வி. பதிலைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்றேன்.

2/ வாயைத் திறந்தா உள்நாக்குக்கு ரெண்டு பக்கமும் தெரியுறது டான்சில். மூக்குக்குப் பின்னால் மறைஞ்சிருக்கிறது அடினாய்டு. உள்ளே வர்ற கிருமியை முதலில் மறிக்கிற காவல்காரங்க இவங்கதான். அடினாய்டு சின்ன வயசில் பெரிசா இருக்கும், பதின்வயதில் தானாகச் சுருங்கிடும். அதனால் பெரிசா இருக்கிறது மட்டுமே நோய் இல்லை.

3/ கிருமி வந்தா வெள்ளணுக்கள் ஆக்சிஜனை வெச்சே ஆயுதம் செய்யும். ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் ஒண்ணு. அளவு மீறினா நம்ம செல்லையே அரிக்கும். அதைத் தடுக்க உடம்பில் குளுட்டதயோன், விட்டமின் சி, விட்டமின் இ எல்லாம் இருக்கு. தடுப்பை மீறி அரிப்பு கூடினா, அதுக்குப் பேர்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்.

4/ அடிக்கடி டான்சில் அழற்சி வர்ற பிள்ளைங்க இரத்தத்தில் இந்த அரிப்பின் அடையாளங்கள் கூடுதலா இருக்கிறதைப் பல சிறிய ஆய்வுகள் காட்டுது. உண்மைதான். அப்போ சிரப் குடுத்தா சரியாகணுமே?

5/ ஆகாதுங்க. விறகு எரியுற வரைக்கும் புகை வந்துட்டேதான் இருக்கும். இங்கே விறகு எதுன்னா, திரும்பத் திரும்ப வர்ற தொற்றும், ராத்திரி மூச்சு அடைக்கிறதும். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்னா ஆக்சிஜன் இறங்கும். மறுபடி மூச்சு வந்ததும் சட்டுன்னு ஏறும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் புதுசா அரிப்பை உண்டாக்கும். அதை எந்த சிரப்பும் திறந்து விடாது.

6/ அமெரிக்காவில் 5 முதல் 9 வயசு வரை 464 பிள்ளைங்களை வெச்சு நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. ஏழு மாசத்தில், ஆபரேஷன் செஞ்சவங்களில் 79% பேருக்குத் தூக்க மூச்சு சீரானது. காத்திருந்தவங்களிலும் 46% பேருக்குத் தானாகவே சீரானது. அதனால எல்லாருக்கும் கத்தி வேணாம், யாருக்கு வேணும்னு பாக்கணும்.

7/ கல்வராயன் மலை மக்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருந்து இறங்கி வந்தா ஒரு நாள் கூலி போச்சு. மிச்சக் காசை சிரப்புக்குக் குடுக்காதீங்க. விறகு அடுப்புப் புகையும் பீடிப் புகையும் நேரடியா இதே அரிப்பைச் செய்யுது. பிள்ளை தூங்குற இடத்தில் ரெண்டும் வேணாம்.

8/ விட்டமின் சி வேணுமா? நெல்லிக்காய், கொய்யா, பப்பாளி, முருங்கைக்கீரை போதும். இது நல்ல சாப்பாடு, டான்சிலுக்கு மருந்து இல்லை. மலையில் கிடைக்கிற கடுக்காயிலும் ஆன்டிஆக்சிடன்ட் உண்டு. அதுக்காகச் சின்னப் பிள்ளைக்குக் கஷாயம் வெச்சுக் குடுக்காதீங்க, வயித்தாலதான் போகும்.

9/ எப்போ வரணும்? காய்ச்சலோட தொண்டை வலி வந்தா காட்டுங்க. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் சும்மா விட்டா ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். 10 நாள் மாத்திரை எழுதினா, மூணாம் நாள் சரியானாலும் 10 நாளும் குடுங்க.

10/ ஒரு வருஷத்தில் 7 தடவை, அல்லது ரெண்டு வருஷம் வருஷத்துக்கு 5, அல்லது மூணு வருஷம் வருஷத்துக்கு 3 தடவை கடுமையா வந்தா ஆபரேஷன் பத்திப் பேசலாம். அதனால வந்த தேதியைக் குறிச்சு வையுங்க.

11/ இன்னிக்கு ராத்திரி பிள்ளை தூங்கினதும் பக்கத்தில் உக்காந்து மூச்சைக் கவனிங்க. வாயைத் திறந்து தூங்குதா, குறட்டை நடுவில் நிக்குதா, திணறி எழுந்திருக்குதா? அப்படி இருந்தா போனில் ஒரு வீடியோ எடுத்துட்டு அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வாங்க. சிரப் பாட்டிலைவிட அந்த வீடியோ எங்களுக்கு ரொம்ப உதவும்.